கம்ப்யூட்டர் எழுந்திருக்காத பதினாறு நாள்

2025 கார்த்திகை பிறந்த அன்று, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினேன். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன், அதேதான். அன்று காலை ஏழு மணிக்குள் இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன். அந்த மேசையில் வழக்கமான வேலை திரும்ப நடந்தது டிசம்பர் 3, கார்த்திகை தீபத்தன்று இரவுதான். நடுவில் 16,076 ரூபாய் போனது. அதில் 3,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக முழுக்க வீண். அந்த நாட்களில் என்ன செய்யக்கூடாது என்று சொல்ல எனக்கு ஆளில்லை. இனி ஒருவருக்காவது அப்படி ஆகக்கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கானாடுகாத்தானில், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உட்பகுதியில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டு, குறைந்த வாடகைக்கு நாங்கள் இருக்கிறோம். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். இங்கே நான், என் மாமியார், ஒன்பதாவது படிக்கிற மகள். நான் வீட்டிலிருந்தே நான்கு பேருக்கு டேலி என்ற மென்பொருளில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறை, காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிற ஒரு ஆச்சி, பிறகு இரண்டு சின்னக் கடைகள். கம்ப்யூட்டர் 2018-இல் காரைக்குடியில் அசெம்பிள் செய்து வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ரேம் இரண்டு, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஏழு வருடமும் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

முந்தின இரவு நல்ல இடி மழை. கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. நான் ஆச்சியின் தீபாவளி பில்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் ஒரு முறை கீ என்று கத்திவிட்டு உடனே அணைந்தது, கூடவே கம்ப்யூட்டரும் அணைந்தது. அதன் பேட்டரியை ஐந்து வருடமாக மாற்றவே இல்லை. வீடுகளில் வைக்கிற 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும், பெட்டியில் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். எனக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். தாக்குப்பிடிக்கவில்லை என்றால் அன்றே பேட்டரி மாற்றுங்கள். எனக்கு அது 1,150 ரூபாய்தான் ஆனது. முன்பே மாற்றியிருந்தால் மீதிக் கதையில் பாதி நடந்திருக்காது.

உண்மையில் அது பல மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் காது கொடுக்கவில்லை. ஆடியிலிருந்தே விண்டோஸ் திறக்க ஆறேழு நிமிடம் ஆனது. சில நாள் காலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பிரவுசரைத் திறந்தால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லி ஜிஎஸ்டி தளத்தையே காட்டாது. நான் நேரத்தைத் திருத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன். மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் வந்து சேருகிற பெரிய பலகையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு செல் இருக்கிறது, சிஆர் 2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால்தான் தேதி இப்படிப் பின்னால் ஓடும். விலை 40 ரூபாய். தேதி மாறுவதும், திறக்க நேரம் ஆவதும், ஒரு அழுத்துக்கு எழுந்திருக்காமல் இரண்டாவது அழுத்துக்கு எழுந்திருப்பதும் வெவ்வேறு காரணத்தால் வரலாம். ஆனால் அதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே முதல் வேலையாக ஃபைல்களை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். நான் கடைசியாகப் பென் டிரைவில் எடுத்தது ஆடிப்பெருக்கு அன்று.

திங்கட்கிழமை மதியம் காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். வந்ததற்கு 300 ரூபாய். பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "கடைக்குக் கொண்டுபோய்த்தான்க்கா பாக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதிதாக மாற்றியாயிற்று, 1,650 ரூபாய், இப்போது திரை வருகிறது, ஆனால் விண்டோஸ் உள்ளே போகாமல் ரிப்பேர் என்று காட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது, ராத்திரி முழுக்கச் செக்டிஸ்க் போட்டு வைக்கிறேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்எம்பிஎஸ் என்பது பாகங்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, செக்டிஸ்க் என்பது டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துகிற விண்டோஸ் கருவி என்று பின்னால்தான் தெரிந்தது. சரி தம்பி என்றேன். அன்றிரவு என் கணவரிடம் போனில் சொன்னேன். "பழசுதானே, விட்டுட்டுப் புதுசு வாங்கிடு" என்றார். பெட்டி போவது பற்றி எனக்குக் கவலை இல்லை, உள்ளே இருப்பதுதான் கவலை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரியாமல் போனை வைத்துவிட்டு அழுதேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவுக பேச்சு அதுலதான இருக்கு?"

என் மாமனார் தச்சு ஆசாரி. இந்தப் பக்கத்து வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் பழுது பார்த்தே வாழ்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். கடைசி ஒரு வருடம் பேத்தியை உட்கார வைத்து, எந்த வீட்டுக் கதவில் என்ன வேலைப்பாடு, எந்தக் கீல் எப்படிப் பொருந்தும் என்று பேசிக்கொண்டே இருப்பார். மகள் அதைப் போனில் பதிவு செய்தாள். 41 பதிவுகள். போனில் இடம் இல்லை என்று நான்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்தேன்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கடைத் தம்பி மறுபடி கூப்பிட்டார். "அக்கா, விண்டோஸ் சரி வராது. ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஏத்திடவா? டி டிரைவ்ல உள்ளது அப்படியே இருக்கும்." ஜிஎஸ்டிக்கு மறுநாள் கடைசி. சீக்கிரம் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு உலையில் அரிசியைப் போடும்போதுதான் நெஞ்சில் அடித்தது. டேலி இருப்பது சி டிரைவில். டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான். அவரைத் திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி, பதினைந்து கிலோமீட்டரும் போனில் கூப்பிட்டுக்கொண்டே போனேன். கடைக்குள் நுழைந்தபோது என் பெட்டியில் விண்டோஸ் பென் டிரைவ் சொருகியிருந்தது, திரையில் டிரைவ் பட்டியல் காட்டியது, அந்தத் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டு அழுத்தலாம் என்று வைத்திருந்தாராம். அந்தச் சாப்பாட்டு நேரம்தான் என்னைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இந்த நான்கும் நாமாக மாற்றி வைக்காத வரை சி டிரைவில்தான் இருக்கும். சி டிரைவை ஃபார்மட் செய்தால் நான்கும் போகும். பெரும்பாலான கணக்கு மென்பொருள்களின் டேட்டாவும் அங்கேதான். அது மட்டுமில்லை, விண்டோஸ் ஏற்றும் பென் டிரைவிலிருந்து திறக்கும்போது டிரைவ் எழுத்துகள் மாறித் தெரியலாம். நம் சி அங்கே டி ஆகத் தெரியும். அதனால் பெட்டியை யாரிடம் கொடுத்தாலும், "என்னிடம் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது, இந்த ஃபோல்டர்கள் எனக்கு வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னது கடையில் நான்கு பெட்டிகளுக்கு நடுவில் மறந்துபோகும். அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. அவருக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதான், உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். இன்னொன்று, மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று 700 ரூபாய் வேலைக்கூலியும் கொடுத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் வாங்கிக்கொண்டு, 400 ரூபாய் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்து ஊர் திரும்பினேன்.

வீட்டில் வந்து மாட்டினால் மறுபடியும் கறுப்புத் திரை. முகப்புத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பெங்களூரில் இருக்கிற என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் துறையில் வேலை. அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மூன்று நாள் கூப்பிடாமல் இருந்தது என் தவறு. அவன் முதலில் கேட்டது, "அக்கா, அது எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் சொல்லு." அவன் விளக்க விளக்க எனக்கு எங்கள் வீட்டு அமைப்பாகவே தெரிந்தது. வாசல் பக்கம் முகப்பு, அதைத் தாண்டி முற்றத்தோடு வளவு, அதற்கும் உள்ளே இரண்டாம் கட்டு. கரண்ட் வந்து காற்றாடி சுற்றுவது முகப்பு. மதர்போர்டு தன்னிடம் உள்ள ரேம் (தற்காலிக நினைவகம்), பிராசஸர் எல்லாவற்றையும் சரிபார்த்துத் திரையில் கம்பெனிப் படத்தைக் காட்டுவது வளவு. டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எடுத்துத் திறப்பது இரண்டாம் கட்டு. காற்றாடியே சுற்றவில்லை என்றால் ப்ளக், வயர், சுவிட்ச், எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்க வேண்டும். காற்றாடி சுற்றியும் திரையில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை என்றால் வளவில் நிற்கிறது. மானிட்டர் வயர், ரேம், அந்தச் சின்ன செல், சில நேரம் எஸ்எம்பிஎஸ்ஸோ மதர்போர்டோ. அங்கே விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை, இன்னும் அதுவரை போகவே இல்லை. படம் வந்து, அதற்குப் பிறகு சுற்றுகிறது, நீலத் திரை வருகிறது, ரிப்பேர் என்கிறது என்றால்தான் டிஸ்க்கோ விண்டோஸோ. எனக்கு ஒரே இரவில் வளவிலும் இரண்டாம் கட்டிலும் இரண்டு தனித்தனிக் கோளாறு. அதனால்தான் எல்லாரும் குழம்பினோம்.

முதலில் வளவைச் சரி செய்தோம். அவன் வீடியோவில் பார்த்துக்கொண்டே சொல்ல, நான் செய்தேன். ப்ளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய கரண்டை விட்டேன். பெட்டியின் இரும்பை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே செம்மண் புழுதியும் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூளும் ஒரு விரல் கனத்துக்கு. மெல்லிய பிரஷால் தட்டி எடுத்தேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். ரேமின் இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை அழுத்தினால் அது மேலே எழும்பி வருகிறது. அதன் அடியில் பொன் நிறப் பற்கள் மாதிரி வரிசையாக இருக்கும், அதை மகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். பட்டனை அழுத்தியதும் படம் வந்துவிட்டது. அடுத்து இரண்டாவது ரேமையும் போட்டோம், வந்தது. பிறகு ஒரு நாள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தேன், அதிலும் வந்தது. அதாவது கடையில் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது ரேமும் அசைந்து தற்காலிகமாகப் பொருந்தியிருக்கிறது, ஆட்டோ குலுக்கலில் மறுபடி விலகியிருக்கிறது. 1,650 ரூபாய் வேலை ஒரு ரப்பர் வேலையாக இருந்தது. ரேமை நீங்களே கழற்றலாம், பயம் வேண்டாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள், ப்ளக் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும்.

படம் வந்தது. அடுத்து அந்த ரிப்பேர் சுற்று. பெட்டிக்குள் காதை வைத்தால் டிக், டிக் என்று மெல்லிய சத்தம். பெங்களூர்த் தம்பி அதைக் கேட்டதும், "உடனே அணைச்சுடு அக்கா, இனிமே அதை விண்டோஸ்ல திறக்கவே கூடாது" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாகப்போகிற டிஸ்க்கில் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்துவதும் அதன் ஆயுளில் கொஞ்சத்தை எடுப்பது. நான் இருபது முறை அழுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு ராத்திரி முழுக்கச் செக்டிஸ்க். நல்ல டிஸ்க்கில் ஃபைல் அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் செக்டிஸ்க் உதவும். டிஸ்க்கே பழுதாகியிருந்தால் அது மூலைமுடுக்கெல்லாம் படித்து, எழுதி, மிச்சமிருக்கிற உயிரையும் வாங்கிவிடும். ஃபைல்களை வெளியே எடுக்கும் வரை அதைப் போடவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

டிஸ்க்கில் சத்தம் இல்லை, வேகமும் குறையவில்லை, விண்டோஸ் மட்டும் குழம்பியிருக்கிறது என்றால் வழி வேறு. விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த முறை நீலப் பக்கம் ஒன்று வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, பழைய தேதிக்குத் திருப்புகிற சிஸ்டம் ரெஸ்டோர், சேஃப் மோட் எல்லாம் இருக்கும். அந்த வரிசையில் பாருங்கள். ரீசெட் என்பது கடைசி. அதில் என் ஃபைல்களை வைத்துக்கொள் என்று கொடுத்தால்கூட நீங்கள் ஏற்றிய மென்பொருள் எல்லாம் போய்விடும். அதே பக்கத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும், அதன் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து, கீழே எல்லா வகை ஃபைலும் என்று மாற்றினால், அங்கிருந்தே ஃபோல்டர்களைக் காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டலாம். விண்டோஸ் திறக்காமலேயே ஃபைலை எடுக்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை பையாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால், டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள், நூறு ரூபாய்க்குள்தான்.

என் டிஸ்க்குக்கு அவன் சொன்னது, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸ் மின்ட். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டுவது. ஏற்றுவதற்கு வேறொரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே? பக்கத்து வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாவது படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை. அந்த ஃபைல் மூன்று ஜிபி அளவு. என் போன் டேட்டா பாதியில் தீர்ந்து, 150 ரூபாய்க்கு டாப்அப் போட்டு, வியாழக்கிழமை முழுக்க இறக்கினோம். 350 ரூபாய்க்குப் புதுப் பென் டிரைவ். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருள்தான் அதை ஏற்றுகிறது. ஏற்றும்போது பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும், அதனால் காலியானதையே எடுங்கள். காரைக்குடியிலிருந்து ஒரு டிபி வெளி டிஸ்க் 4,800 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அன்றுதான் ஜிஎஸ்டிக்குக் கடைசி நாள், நவம்பர் 20. மற்ற மூன்று பேருக்கும் முன்பே போட்டுவிட்டேன், ஆச்சியுடையது மட்டும் பாக்கி. ஆச்சியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லத்தா? கணக்கு எங்க போயிடப் போகுது" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் எழும்போது எஃப் 12 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். மதர்போர்டைப் பொறுத்து அது எஃப் 8, எஃப் 11, எஸ்கேப் என்று மாறும். மின்ட் திறந்ததும் அதில் இன்ஸ்டால் என்று ஒரு படம் இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். டிஸ்க்ஸ் என்ற பகுதியில் பார்த்தால் என் ஹார்ட் டிஸ்க்கில் 144 செக்டார், அதாவது தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள், கெட்டுப்போனதாகக் காட்டியது. நான் ஆர்வத்தில் எல்லா ஃபோல்டரையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து இழுத்துவிட்டேன். கல்யாணப் போட்டோ, மகளின் பள்ளி வீடியோ என்று 180 ஜிபி. கால் மணி நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. தம்பி கோபமே படாமல், "அக்கா, வீடு தீப்பிடிச்சா முதல்ல எதைத் தூக்குவே? அதை மட்டும் எடு" என்றான். முதலில் டேலி. அதில் ஒவ்வொரு நிறுவனமும் எண்ணால் பெயரிட்ட ஒரு ஃபோல்டர், அதை அப்படியே முழுசாக எடுத்தால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கலாம். மூன்று நிறுவனம் ஐந்து நிமிடத்தில் வந்தது. ஆச்சியின் ஃபோல்டரில் பாதி ஃபைல் படிக்கவில்லை என்று வந்தது. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்தது அதுதானே. பிறகு டாக்குமெண்ட்ஸ், போட்டோக்கள். மாலைக்குள் பெரும்பகுதி வந்தது. கடைசியாக மாமனாரின் பதிவுகள். முதல் ஆறு வந்தன. ஏழாவதில் டிக் டிக் சத்தம் பலமாகி, மவுஸ்கூட நகரவில்லை. அணைக்கச் சொல்லிவிட்டான். நான் அந்தக் குரலை ஏன் முதலில் எடுக்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்கைத் திரும்ப எழுதலாம், அதை எழுத முடியாது.

சனிக்கிழமையிலிருந்து ஆச்சியின் கணக்கைத் திரும்ப எழுதத் தொடங்கினேன். ஆடிப்பெருக்கு வரை பென் டிரைவில் இருந்தது. அதன் பிறகு மூன்றரை மாதம். இதில் ஒரு ஆறுதல் உண்டு. ஏற்கெனவே தாக்கல் செய்த விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர் 1 தளத்திலேயே இருக்கும், கொள்முதல் பில்கள் அங்கேயே உள்ள ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் இருக்கும், வங்கி ஸ்டேட்மெண்ட் இருக்கும். நமக்கு டேட்டா போனாலும் இந்த மூன்றிலிருந்து நிறைய மீட்கலாம். ஆனால் ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரிக்குப் போட்ட பில்தான் ஜிஎஸ்டிஆர் 1-இல் ஒவ்வொன்றாக இருக்கும். கல் பட்டறை மாதிரி என்றால் கிட்டத்தட்ட முழுக்கக் கிடைத்திருக்கும். ஆச்சி விற்பது வீடுகளுக்கு. சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் என்று கால் கிலோவும் அரைக் கிலோவுமாக. அந்த விற்பனை மொத்தத் தொகையாகத்தான் தெரியும். பில் புத்தகங்களை ஒரு சாக்குப் பையில் அனுப்பிவைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு 3,400 ரூபாயில் எஸ்எஸ்டி (உள்ளே எதுவும் சுற்றாத புது வகை டிஸ்க்) ஒன்று வாங்கி, தம்பி சொல்லச் சொல்ல நானே விண்டோஸ் 11 ஏற்றி, அதில் உட்கார்ந்து தட்டினேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டதால் பழையதையே ஏற்றுவதில் பொருளில்லை. அக்டோபர் ரிட்டர்ன் 26-ஆம் தேதி போனது. ஆறு நாள் தாமதம், நாளுக்கு 50 வீதம் 300 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டியில் 36 ரூபாய். ஆச்சி வேண்டாம் என்றும் என் கைக்காசில் கொடுத்தேன்.

புது விண்டோஸ் ஏற்றும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக ஏற்றினால், இப்போது பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. பிட்லாக்கர் என்று சொல்வார்கள். பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும், அது எந்த மெயிலில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கில் இருக்கும். சில கடைகளில் அவசரத்துக்கு அவர்கள் மெயிலையே போட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அப்படி ஆனால் சாவி அவர்கள் கையில். உங்கள் மெயிலையே போடச் சொல்லி, அந்த 48 எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். பூட்டிய டிஸ்க்கை லினக்ஸ் பென் டிரைவும் அந்த எண் இல்லாமல் திறக்காது.

இன்னொரு செலவு எர்த். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று இருக்கும், ஈரத் தரையில் நின்றால் அதிகம். பழைய வீடு, அப்படித்தான் என்று விட்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் அளந்து பார்த்து, எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது என்றார். முற்றத்துக்குப் பின்னால் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு 2,800 ரூபாயில் புது எர்த் வைத்தார். ஜிவ் நின்றுவிட்டது. உங்கள் பெட்டியிலும் அப்படி இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தீபத்தன்று சாயங்காலம் மகள் வளவு முழுக்க விளக்கு வைத்தாள். ராத்திரி பத்து மணிக்கு ஆச்சியின் கடைசி பில்லை ஏற்றி முடித்தேன். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்ததும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி. பென் டிரைவ் கல் பட்டறை அண்ணன் வீட்டில் இருக்கும், வெளி டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி அத்தையின் பீரோவில் வைத்திருக்கிறேன். மதுரையில் டேட்டா மீட்டுத் தருகிற ஒரு இடத்தில் கேட்டதற்கு 14,000 ரூபாய் ஆகலாம், எத்தனை ஃபைல் வரும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அதுவரை அதை எதிலும் மாட்டவேண்டாம் என்றும் சொன்னார்கள். தையில் என் கணவர் பணம் அனுப்பியதும் நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன். வந்த ஆறு பதிவுகளையும் மகள் ஒரு பழைய போனில் போட்டு அத்தையிடம் கொடுத்திருக்கிறாள். அத்தை மத்தியானம் பட்டாலையில் படுத்துக்கொண்டு கேட்பார். ஆறாவதில் மாமனார் ஒரு கதவின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார்.